ஊதிவிட்டு மொண்ட தண்ணீர்

"தண்ணியில கலர் தெரியுதுன்னு பராதி சொல்ல வந்துட்டியா? நாலு வருசத்துல நீயும் கொழுந்து கிள்ளத்தான வரப்போற, போ புள்ள" என்று எஸ்டேட் சூப்பர்வைசர் சொன்னபோது நான் ஏழாம் வகுப்பு. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பயத்தில் அம்மாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

தேவிகுளத்துக்கு மேலே, வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு ஒரே தொட்டிதான். தேயிலைக்கு மருந்தடித்த கேன்களைத் தொட்டிக்கு வரும் வாய்க்காலிலேயே கழுவச் சொல்வார்கள்; அன்றைக்கெல்லாம் மண்ணெண்ணெய் வாடையோடு மயில்கழுத்து நிறத்தில் ஓர் "ஏடு" தொட்டி முழுக்க மினுங்கும். பெண்கள் குனிந்து வாயால் ஊதி, ஏடு விலகிய இடத்தில் சட்டென்று குடத்தை அமுக்குவார்கள். "ஊதிட்டு மொண்டா ஒண்ணும் வராதுடி" என்பாள் அம்மா. அதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அவள் உதட்டுப் புண்ணும் ஆறியதில்லை.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒருநாள் அகலச் சட்டியில் நல்ல தண்ணீர் வைத்து, மேலே தேயிலை "டஸ்ட்" தூவி, ஊதி விலக்கி, டம்ளரை அமுக்கினேன். விலகிய தூள் அத்தனையும் தண்ணீரோடு டம்ளருக்குள் ஓடி வந்தது. பிறகு வேறு தண்ணீரில் தூளைத் தூவி, காலி மருந்துக் கேனின் வாயில் ஒட்டியிருந்த ஒரு சொட்டைப் புல்நுனியால் தொட்டு வைத்தேன். கண்ணிமைக்கும் முன் தூளெல்லாம் விளிம்புக்கு ஒதுங்கியது. ஒரு சொட்டு, சட்டி முழுக்க. அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். "வேற தண்ணிக்கு எங்கடி போக? பேசுனா வேலை போவும், வேலை போனா வீடும் போயிரும்" என்றாள்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். இப்போது சித்தூர் அரசுக் கல்லூரியில் இயற்பியல் படிக்கிறேன். ஏடு மெலிய மெலிய நிறம் மறையும், ஏடு மறையாது. மருந்தில் சோப்பு போன்ற ஒன்று சேர்ந்திருந்தால் எண்ணெய் கீழேயும் கலந்துவிடும் என்று வகுப்பில் நடத்திய அன்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாங்கள் ஊதியது வெறும் நிறத்தைத்தான்.

இன்று தொட்டிக்குக் கான்கிரீட் மூடி வந்துவிட்டது, அதிலிருந்தே வீட்டுக்கு வீடு குழாய். குனிந்து ஊதும் பெண்கள் இல்லை, மயில்கழுத்து நிறம் யார் கண்ணிலும் படுவதில்லை. கேன்களை மட்டும் அதே வாய்க்காலில் கழுவுகிறார்கள்.

போன திங்கட்கிழமை மூடியைத் தள்ளி, மேல்தண்ணீர் ஒரு கண்ணாடிக் குப்பியிலும் அடித்தண்ணீர் இன்னொன்றிலும் எடுத்தேன். அரசு ஆய்வகத்துக்கான மனுவில் என் பெயரை எழுதும்போது, உதட்டில் தேங்காய் எண்ணெய் தடவியபடி அம்மா அருகில் வந்து நின்றாள்.

"எம் பேரையும் போடு."

போட்டேன். இரண்டு குப்பிகளையும் கொடுத்தாயிற்று. ரசீது என் பையில் இருக்கிறது.