நான்கு கால்களும் நின்ற பிறகு

பேசுகிறவர் வாக்கியத்தை முடிக்கும் வரை அண்ணியின் கைகள் காத்திருந்ததில்லை. அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்த இந்தப் பதினோரு வருடங்களாகப் பார்க்கிறேன். "அந்தக் குடைய..." என்று அண்ணன் ஆரம்பித்தால் போதும், நடுக்கூடத்தில் குடை விரிந்துவிடும். "மூலையிலயே வைன்னு சொல்ல வந்தேன்" என்பார் அண்ணன். "அத மொதல்லயே சொல்லியிருக்கணும்" என்பார் அண்ணி. குடையை மடக்குவது எப்போதும் அண்ணன்தான்.

அண்ணி வேலை செய்யும் நாற்காலித் தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் அந்தக் கைகளுக்கு நல்ல பெயர். ஒரு பெட்டிக்கு ஒரு பலகை, நான்கு கால்கள், எட்டு போல்ட், ஒரு ஸ்பேனர், மேலே ஆங்கிலத்தில் ஒரு செய்முறைத் தாள். வாங்குகிறவர்கள் அதைப் படித்துத் தாங்களே பூட்டிக்கொள்ள வேண்டும். அண்ணி கட்டிய பெட்டியில் ஒரு போல்ட் குறைந்ததாகப் பேச்சு வந்ததே இல்லை. அதனால்தான் பேக்கிங் மேசையின் பொறுப்பை அவரிடம் கொடுத்திருந்தார்கள்.

தாளை எழுதியது நான். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள். அதே தொழிற்சாலையின் அலுவலகத்தில் வேலை. கோபத்திலும் கொஞ்சலிலும் அண்ணி என்னைப் பட்டதாரி என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு வியாழக்கிழமை ஏழு நாற்காலிகள் திரும்பி வந்தன. ஏழும் ஆடின. சூப்பர்வைசர் நேரே பேக்கிங் மேசைக்குப் போனார்.

"அளவு மாத்தி போல்ட் போட்டிருக்கீங்க. திங்கக்கிழமைலேருந்து மேசைய வேற ஆள் பாக்கட்டும்."

நானும் அங்கேதான் நின்றிருந்தேன். தாளில் தப்பிருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணி ஏழு நாற்காலிகளையும் கழற்றி, ஐம்பத்தாறு போல்ட்டுகளையும் அளந்து பார்த்தார். எல்லாம் சரியான அளவு. என்னிடம் திரும்பினார்.

"பட்டதாரி, உன் தாள எடு. நீ எழுதின வரிசையிலயே தமிழ்ல சொல்லு. வார்த்தைய முன்ன பின்ன மாத்தாத."

கூட்டம் சேர்ந்துவிட்டது. நான் படித்தேன். "இறுக்குங்கள், போல்ட்டுகளை, முழுதாக..."

அதற்குள் அண்ணியின் ஸ்பேனரில் முதல் கால் இறுகிவிட்டது.

"...நான்கு கால்களையும் மாட்டி, நாற்காலியைச் சமதரையில் நிறுத்திய பிறகு."

"பெறகா? நான்தான் இறுக்கியாச்சே!"

"வாக்கியம் முடியிற வரைக்கும் இருக்கலாம்ல அண்ணி?"

"கையில ஸ்பேனரக் குடுத்துட்டுப் பொறு பொறுன்னா யாரு பொறுப்பா? நாற்காலி வாங்குறவங்க பரீட்சையா எழுதுறாங்க?"

மற்ற மூன்று கால்களையும் அதே வேகத்தில் இறுக்கி, நாற்காலியை நிறுத்தி, சூப்பர்வைசரை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தார். ஆடினார்.

"சாருக்கு யாராவது தாலாட்டுப் பாடுங்கப்பா" என்றார் பெயிண்ட் அடிக்கிற அக்கா. அந்தக் கூடமே சிரித்தது.

நாற்காலியை நிறுத்தும் முன்பே இறுக்கினால் கால்கள் சமமாகப் பதியாது. என் ஆங்கிலத்தில் பிழை இல்லை. ஆனால் கைக்கு முதலில் தெரியவேண்டியதைக் கடைசியில் கொண்டுபோய் வைத்திருந்தேன். சூப்பர்வைசரிடம் சொன்னேன்: "சார், தப்பு பேக்கிங்ல இல்ல. என் தாள்ல."

"சரி, திருத்து" என்றார் அண்ணி. "நடுவுல ஒரு தடவகூட நிறுத்தாம நான் பூட்டி முடிச்சிட்டேன்னா, இத்தன பேர் முன்னாடியும் ஒரு பாட்டு பாடுறேன்."

அந்த மேசையிலேயே உட்கார்ந்து எழுதினேன். நாலு தடவை அடித்துத் திருத்தினேன். ஐந்தாவதில், 'நிறுத்திய பிறகு' என்பது 'இறுக்குங்கள்' என்பதற்கு முன்னால் வந்திருந்தது. 'லேசாக' என்ற சொல், முதலில் போல்ட்டை மாட்டும் இடத்திலேயே இருந்தது. நான் படிக்கப் படிக்க அண்ணியின் கைகள் ஓடின. ஒரு இடத்திலும் நிற்கவில்லை. சூப்பர்வைசர் பயந்து பயந்து உட்கார்ந்தார். இடது பக்கம் சாய்ந்தார், வலது பக்கம் சாய்ந்தார். நாற்காலி அசையவில்லை.

"மேசை உங்ககிட்டயே இருக்கட்டும்மா."

கைதட்டல் அடங்குவதற்குள் "பாட்டு! பாட்டு!" என்று கத்தினார்கள்.

"தொண்ட கட்டியிருக்கு" என்றார் அண்ணி.

பத்து மாதம் ஆகிறது. புதிய தாள் எதுவும் அந்தக் கைகளைத் தாண்டாமல் அச்சுக்குப் போவதில்லை. தொண்டை மட்டும் இன்னும் சரியாகவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மெதுவாக ஆரம்பித்தேன். "அண்ணி, அந்தப் பாட்ட..."

நான் முடிப்பதற்குள் அவர் கை ரேடியோவைத் திருகிவிட்டது.

"இதோ, போட்டாச்சு."