பிள்ளைக்காம்பராவின் ராத்தல் தராசு

இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் பிள்ளைக்காம்பரா என் பொறுப்புக்கு வந்தபோது, அங்கே விளையாடுவதற்கென்று ஒரு துரும்புகூட இருக்கவில்லை. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும் நேரத்தில் பிள்ளைகளை விட்டுச் செல்லும் ஒற்றை அறை அது. கூரை வளைமரத்தில் சேலைத் தொட்டில்கள், மூலையில் பால் காய்ச்சும் அடுப்பு, அந்தப் புகையில் கறுத்துப்போன சுவர். தொட்டில் வயதைத் தாண்டிய பிள்ளைகள் சுவரோரமாக உட்கார்ந்து ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். பாவம், வேறென்ன செய்வார்கள்?

எழுபதுகளின் கடைசி அது. தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு நிர்வாகத்துக்குப் புதிதாக வந்த துரை ஒருநாள் எட்டிப் பார்த்தார். பிள்ளைகள் விளையாடுகிற அறையாக இதை மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். எதைக் கொண்டு மாற்றுவது என்று அவரும் சொல்லவில்லை, வேறு யாரும் சொல்லவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஜீப் திருப்பத்தில் மறைந்ததும் அவரை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டு வேலையைத் தொடங்கினேன்.

சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். கதவோரம் ஈரக்காற்றில் ஆடிக்கொண்டிருந்த தொட்டில்களை உள்பக்கம் மாற்றி, கதவருகே வெளிச்சமாக இருந்த இடத்தை விளையாட்டுக்கு ஒதுக்கினேன். தொழிற்சாலையில் கழித்துப்போட்ட தேயிலைப் பெட்டிகளைக் கேட்டு வாங்கி, ஆணிகளைப் பிடுங்கி, இரண்டைப் படுக்கவைத்து வீடுகளாக்கினேன். உள்ளே ஒட்டியிருந்த ஈயத்தாளை ஒன்றுவிடாமல் உரித்தேன். இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் எல்லோர் வாயிலும் அதுதான் இருந்திருக்கும். பிய்ந்துபோன கொழுந்துக் கூடைகளின் விளிம்பை வெட்டிச் சின்னதாக்கிக் கொடுத்தேன். சொந்தச் செலவில் தலவாக்கலைக் கடையில் ஒரு பொம்மையும் வாங்கி வந்தேன். அதன் கண்கள் திறந்து மூடுவதைப் பார்த்துப் பாதிப் பிள்ளைகள் அலறியதால், அது அலமாரிக்குள் போனது.

தராசு மட்டும் தானாக வந்தது. ராத்தல் போய்க் கிலோ வந்த காலம் அது. கொக்கியில் கூடையை மாட்டிக் கொழுந்து நிறுக்கும் பழைய வட்டத் தராசொன்று தொழிற்சாலை மூலையில் கிடந்தது. "எடுத்துட்டுப் போங்க, இங்க கால்லதான் தட்டுது" என்றார் தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா. வளைமரத்தில் நானே தொங்கிப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகு தராசை அதில் கட்டினேன். கொக்கியில் மாட்டிய கூடை தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நின்றது.

அறை அழகாகத்தான் இருந்தது. எனக்கே பெருமை. ஆனால் அந்தப் பெருமையை ஒரே ஒரு பயல் தவிடுபொடியாக்கிக்கொண்டிருந்தான்.

மூன்று வயது அவனுக்கு. அப்பா கொழும்பில் கடை வேலை. அம்மா கொழுந்தெடுக்க மலைக்குப் போனால் அவனை எங்களிடம்தான் விட வேண்டும். வாசலில் இறக்கிவிட்ட நிமிடத்திலிருந்து அழுவான். குடித்த பாலை வாந்தி எடுக்கும்வரை அழுவான். அவன் தொடங்கினால் தொட்டிலில் உள்ளதெல்லாம் கூடவே தொடங்கும். தூக்கி வைத்துக்கொண்டேன், ரொட்டி கொடுத்தேன், அதட்டியும் பார்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. ஒருநாள் மத்தியானம் அவன் அம்மா வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னால முடியல தங்கச்சி. மலையில நின்னாலும் இவன் சத்தந்தான் காதுல கேக்குது. இந்தக் கிழமை முழுக்கப் பாக்குறேன். இல்லாட்டி மூத்தவள நிப்பாட்டிட வேண்டியதுதான். அவ வீட்டுல இருந்து பாத்துக்கட்டும்."

மூத்தவள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு. அவள்தான் காலையில் தம்பியை இடுப்பில் தூக்கி வருவாள். என் கையில் கொடுத்துவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடுவாள். தம்பியைப் பார்த்துக்கொள்ள நின்ற பெண்பிள்ளைகள் மறுபடி பள்ளிக்கூடம் போய் நான் பார்த்ததில்லை. அவர்கள் அடுத்துப் போகிற இடம், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களம்தான். அந்தத் தாயை நான் குறை சொல்லவில்லை.  ஆனால் இவ்வளவு செய்தும் ஒரு பயலின் அழுகையை நிறுத்த முடியவில்லையே என்று என் மேலேயே கோபம் வந்தது.

அந்த வாரம் முழுக்க மழை. மழை நாளில் கொழுந்து நிறுக்கும்போது தண்ணிக்கென்று சில ராத்தலைக் கழித்துக் கூலியைக் குறைத்துவிடுவார்கள். கிலோ வந்த பிறகும் கழித்தார்கள். லயத்து வரிசை வீடுகளில் சாயங்காலம் அந்தப் பேச்சுத்தான் நடக்கும். பிள்ளைகள் அதைக் கேட்டே வளர்ந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை, பெரிய பிள்ளைகள் தராசடியில் பெரட்டும் கொழுந்து நிறுவையும் விளையாடிக்கொண்டிருந்தார்கள். காதில் ஈர்க்குச்சி செருகிய ஒரு வாண்டுதான் கணக்கப்பிள்ளை. அவளுக்கு நான்கு வயது இருக்கும். நிறுக்கக் கொழுந்து போதவில்லை போலிருக்கிறது. அழுதுகொண்டிருந்த பயலை இரண்டு பேர் இழுத்து வந்து கூடைக்குள் உட்காரவைத்தார்கள். விழுந்துவிடப் போகிறானே என்று நான் அடுப்படியிலிருந்து ஓடினேன்.

கணக்கப்பிள்ளை அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். கன்னம், சட்டை, எல்லாம் கண்ணீர்.

"நனைஞ்ச கொழுந்து" என்றாள். "தண்ணிக்கு ரெண்டு ராத்தல் கழி."

அவன் அழுகை பாதியில் நின்றது.

"கழிக்காத" என்றான்.

"தண்ணியா ஊத்துது. கழிக்கத்தான் செய்வோம்."

அவன் சட்டை நுனியைத் தூக்கி முகத்தைத் துடைத்தான். மூக்கைத் துடைத்தான். மறுபடி கண்ணைத் துடைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். "இப்ப நிறு."

எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன். அவனை மூன்று தடவை நிறுத்தார்கள். அதற்குள் மலையில் நிஜக் கொழுந்து நிறுத்து முடிந்து, பால் கொடுக்கும் தாய்மாரோடு அவன் அம்மாவும் ஓடி வந்தாள். சத்தம் கேட்காததால் பயந்துபோய் வந்திருந்தாள். அவன் கூடைக்குள்ளிருந்து, "அம்மா, முழு ராத்தல்" என்றான். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வயித்துல பாலை வார்த்தீங்க தங்கச்சி" என்றாள். நான் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதன் பிறகு, மலையில் நிறுக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முந்தி எங்கள் காம்பராவிலும் நிறுவை நடக்கும்படி பார்த்துக்கொண்டேன். நிறுத்து முடிந்தால் அம்மா வருவாள் என்பது அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. சுவரில் நான் மாட்டிய கடிகாரத்தைவிட அது அவனுக்கு நன்றாக விளங்கியது.

அந்த வெள்ளிக்கு அடுத்து வந்த திங்கட்கிழமை காலையும் மழை விடவில்லை. மூத்தவள் வருவாளா, தம்பியோடு வீட்டிலேயே நின்றுவிட்டாளா என்று வாசலிலேயே காத்திருந்தேன். அவளுடைய பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைப் பார்த்ததும்தான் எனக்கு உயிர் வந்தது. தம்பியைத் தானே கூடைக்குள் இறக்கிவிட்டு, ஓடாமல், தராசு முள் நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனைக்கா?"

"முப்பது."

"கழிக்கலையே?"

"ஒண்ணுமே கழிக்கல."

சரி என்று தலையாட்டிவிட்டு, புத்தகத்தை மழை படாமல் சட்டைக்குள் செருகிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள்.