இடது கால் ஒடியா, வலது கால் போஜ்புரி

மாதனூர் ஹெலன் பதினொரு வருடம் ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் மேல்தோல் தைத்தார். பிறகு சூப்பர்வைசர் ஆக்கினார்கள். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றார்கள். அந்த மூன்று மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை ஆயிரத்து இருநூறு ஜோடி மேல்தோல் கண்டெய்னரில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் ஹெலன் மறுபடி தையல் மிஷினுக்கு.

மிஷினை ஓட்டுவது கால். காலை ஓட்டுவது பாட்டு. உள்ளூர்க்காரர்கள் மட்டும் இருந்தவரை ஒரு ஸ்பீக்கர் போதுமாக இருந்தது. பீகாரிலிருந்து மிதிலேஷும் அவன் ஆட்களும், ஒடிசாவிலிருந்து சுகாந்தியும் அவள் தோழிகளும் வந்த பிறகு, அந்த ஒற்றை ஸ்பீக்கருக்குத் தினமும் சண்டை. உள்ளூர்ப் பெண்கள் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு ஒதுங்கிவிட்டார்கள்.

ஹெலன் இன்னொரு ஸ்பீக்கர் வாங்கிவந்து கூடத்தை இரண்டாகப் பிரித்தார். வழக்கமாக ஒருவரே இரண்டு கால் மேல்தோலையும் ஜோடியாகத் தைப்பார். இப்போது வடக்கே ஒடியாப் பாட்டு, இடது கால் மட்டும். தெற்கே போஜ்புரி, வலது கால் மட்டும். அவரவர்க்கு அவரவர் பாட்டு. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் நியாயம் ஜோடியைப் பற்றி யோசிப்பதில்லை.

போஜ்புரி மேளத்துக்குப் பெடல் பறந்தது. ஒடியாப் பாட்டில் பல்லவி வரும்போதெல்லாம் கைதட்ட வேண்டும்; தட்டும் கை தைக்காது. வியாழன் காலை வலது கால் ஆயிரத்து இருநூறு, இடது கால் எண்ணூற்றுத் தொண்ணூறு.

மேனேஜர் ரஃபி அகமது குவியலைப் பார்த்தார். "இன்னாம்மா ஹெலன், வாங்குறவங்க ஊர்ல எல்லாருக்கும் வலது கால்தான் ஜாஸ்தியா?"

"நாளைக்குள்ள முடிச்சிடறேன் சார்."

மிதிலேஷின் ஆட்களும் இடது கால் தைத்தால் முடியும். அவன் தயார்தான். "ஆனா எங்க பாட்டு போடணும், அக்கா."

"எடது கால் எங்களுது. எங்க பாட்டுதான்" என்றாள் சுகாந்தி.

"காலுக்கு இன்னா பாஷை? தைங்க!" என்று ஹெலன் இரண்டு ஸ்பீக்கரையும் பிடுங்கினார்.

கூடம் அமைதியானது. பெடல்களும் அமைதியாயின. பாட்டில்லாமல் வடக்கிலும் தெற்கிலும் ஒரு காலும் அசையவில்லை.

வேறு வழியின்றி ஹெலனே பாட ஆரம்பித்தார். சர்ச் பாடகர் குழுவிலிருந்து இரண்டு முறை மரியாதையாக விலக்கப்பட்டவர் அவர். சுருதி எங்கோ போனது. குரல் மட்டும் கூடம் முழுவதும் எட்டியது. உள்ளூர்ப் பெண்கள் ஒயரை இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டார்கள். இரண்டாவது சரணம் தொடங்கும்போது சுகாந்தி எழுந்துவிட்டாள்.

"அக்கா, பீகார் பாட்டே போடுங்க. எங்களுக்கு ஓகே."

"வேணாம் அக்கா, ஒடியா போடுங்க" என்றான் மிதிலேஷ் அவசரமாக. "ரொம்ப நல்ல பாட்டு."

"இப்பதான் தெரிஞ்சுதா?" என்றாள் சுகாந்தி.

அன்று முதல்முறையாக மற்றவர் பாட்டுக்காக வாதாடினார்கள். கடைசியில் இரண்டு பாட்டும் மாற்றி மாற்றி ஓட, எல்லோரும் இடது கால் தைத்தார்கள். பல்லவிக்கு மிதிலேஷும் தட்டப் பார்த்தான். சுகாந்தி முறைத்ததும் தைத்தான். வெள்ளி மதியம் கண்டெய்னர் கிளம்பியது.

நிரந்தரக் கடிதத்தைக் கொடுக்கும்போது ரஃபி அகமது, "இனிமே பாட மாட்டியேம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"அது அவங்க நடந்துக்கறதப் பொறுத்து, சார்."