ஷேக் தாவூதின் ‘கோ’ நோட்டு

நாகப்பட்டினம் போயிருந்த கப்பல் வெள்ளிக்கிழமை இங்கே திரும்பியது. பயணிகள் இறங்கி முடிந்ததும் கப்பல் எழுத்தர் எங்கள் சீட்டுக் கவுண்டருக்கு வந்தார். “உங்க ஆபீஸ் தாவூது, போன நடையில வந்தாரே...” என்று இழுத்தார். “காய்ச்சல்ங்க. அஞ்சாம் நாளு முடிஞ்சிருச்சு. கடல்லயே அடக்கம் பண்ணிட்டோம்.” பெட்டியை ஊரில் வீட்டாரிடம் சேர்த்துவிட்டார்களாம். இங்கிலீஷ் வாக்கியங்கள் இருந்த ஒரு நீல அட்டை நோட்டை மட்டும், ஆபீசுடையது என்று நினைத்துத் திருப்பிக் கொண்டுவந்திருந்தார்.

தாவூதை அறிந்த உங்களுக்கு அந்த நோட்டையும் தெரிந்திருக்கும். கப்பலின் திறந்த தளத்தில் போகும் டெக்கு பயணிகளுக்குச் சீட்டு எழுதும் வேலையில் ஏழு வருடம் நாங்கள் இருவரும் ஒரே மேசை. என்னைவிட இரண்டு வயது இளையவர். ஒருநாள் புதிதாக வந்த துரை, “ஹவ் கோஸ் இட்?” என்று கேட்டார். நலம் விசாரிக்கிறார் என்பது தெரியாமல், தபால் மூட்டை எப்படிப் போகிறது என்று கேட்பதாக நினைத்து, தாவூது எழுந்து நின்று, படகில் என்ற பொருளில் “பை போட், சார்” என்றார். துரை சிரித்துக்கொண்டே உள்ளே போனார். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. மறுநாளே தாவூது நோட்டு வாங்கிவிட்டார். ‘கோ’ என்ற ஒரு சொல் எப்படியெல்லாம் வரும் என்று நூறு வாக்கியம் சேர்த்து, தமிழில் பொருள் எழுதி, நம்மைப்போன்ற குமாஸ்தாக்களுக்குப் புத்தகமாகப் போட வேண்டும் என்றார்.

தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. கடிகாரம் ஓடினாலும் கோ, சட்டைக்குத் தொப்பி பொருந்தினாலும் கோ. ஐம்பதைத் தாண்டியதும் நோட்டின் முகம் மாறியது. விளக்கு அணைந்தால் கோ. பால் கெட்டால் கோ. புத்தி பேதலித்தால் கோ. கப்பல் முழுகினாலும் கோ. தாவூது பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “அண்ணே, இது போற எடமெல்லாம் ஏதாச்சும் ஒண்ணு கெடுதே, பாத்தீங்களா? நம்ம ‘போ’ மட்டும் என்ன ஒழுங்கு? அழுகிப்போச்சு, தொலஞ்சுபோச்சு, செத்துப்போச்சு. அதான் நம்மாளு வாசல்ல நின்னு போறேன்னு சொல்றதில்ல.” சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கு உள்ளுக்குள் பயம்தான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

இங்கேதான் எங்கள் இருவருக்கும் புத்தி கெட்டது. இங்கிலீஷ் படித்தவனுக்கு எதற்கு இந்தப் பயம் என்று பேசிக்கொண்டோம். அன்றுமுதல் ஆபீஸ் விட்டதும் அவர் “ஐ கோ” என்பார், நான் “கோ” என்பேன். ஒரு மாதம் ஒன்றும் ஆகவில்லை. பள்ளிவாசல் சாலையில் காவடிபோலத் தோளில் தூக்கிவந்து நாசி கண்டார் என்கிற குழம்புச் சோறு விற்கும் சுல்தான் நானா இதைக் கேட்டுவிட்டு, அள்ளிய அகப்பையோடு அப்படியே நின்றார். “நல்லா இருக்குற வாய்க்கு என்னப்பா வந்துச்சு? வர்றேன்னு சொல்லுங்கலா!” நாங்கள் அவரைக் கேலி செய்தோம். அதன் பிறகு அவர் எங்கள் முகத்தைப் பார்த்துச் சோறு போட்டதில்லை.

போன மாதம் தாவூது லீவு எடுத்தார். மனைவியையும், இன்னும் கண்ணால் பார்க்காத மகளையும் அழைத்துவர வேண்டும். குயின் தெருவில் அறை பிடித்து, பாயும் பானையும் வாங்கிப் போட்டுச் சாவியை என்னிடம் தந்தார். “புள்ளைக்கு ரெண்டு வயசாவப்போவுதுண்ணே. இன்னும் விட்டா, நீ யாருன்னு கேக்கும்.”

புறப்பட்ட அன்று காலையிலிருந்தே வானம் கறுத்துக் கிடந்தது. காற்றே இல்லை. படகுத்துறையின் ஈரப் படிக்கட்டில் கால் வைத்துத் திரும்பி, “ஐ கோ, அண்ணே” என்றார். “போயிட்டு வா, தம்பி” என்பது என் நாக்கு நுனிவரை வந்தது. பின்னால் துரை நின்றுகொண்டிருந்தார். அவர் முன்னால் பட்டிக்காட்டானாகத் தெரிய மனமில்லாமல், “கோ” என்றேன். “டேய் தாவூது, வர்றேன்னு சொல்லிட்டு எறங்குடா!” என்று துறைமேல் சோறு விற்றுக்கொண்டிருந்த சுல்தான் நானா கத்தினார். அதற்குள் கப்பலுக்குப் போகும் படகைத் தள்ளிவிட்டார்கள். தாவூது காதில் கையை வைத்து, கேட்கவில்லை என்று தலையை ஆட்டினார். அவரை நான் கடைசியாகப் பார்த்தது அப்படித்தான்.

நோட்டில் தொண்ணூற்றொன்பது வாக்கியங்கள் இருக்கின்றன. கடைசி மூன்றும் கப்பலில் எழுதியவை, எழுத்து வரியைவிட்டு இறங்கியிருக்கிறது. நூறு என்று எண் போட்டிருக்கிறார், எதிரே ஒன்றும் இல்லை. ஒரு சொல்லாலா மனிதன் சாவான் என்று நீங்கள் கேட்பீர்கள். காய்ச்சல்தான் கொன்றது, எனக்கும் தெரியும். ஆனால் என் தம்பியை ‘வா’ என்று சொல்லாமல் அனுப்பினேன். அதை எந்தக் காய்ச்சல்மேலும் போட என்னால் முடியவில்லை.

நோட்டு என்னிடம் இருக்கிறது. அறைச் சாவியும் இருக்கிறது. இன்னொன்றும் வைத்துக்கொண்டிருக்கிறேன். இப்போது கப்பலேறப் போகும் ஒவ்வொருவரிடமும் “போயிட்டு வாங்க” என்கிறேன். வரிசை நெரிக்கிறது, துரை முறைக்கிறார். “வர்றேண்ணே” என்று பதில் வரும்வரை அடுத்த சீட்டில் நான் முத்திரை குத்துவதில்லை.