வெளுத்த செம்பருத்தி

இதைக் கட்டுக்கதை என்பவர்கள், கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பிடி கந்தகத்தைக் கொளுத்திப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும். குணவதிக்கு நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

ஜப்பான்காரன் காலம். மலாயாவில் செமிலிங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். ஆண்களைச் சயாமில் ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சிய பெண்களுக்கு மரவள்ளிக்கிழங்கும் சாக்குத்துணியும் சொறியும்தான். வரிசையாய் ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் சுவரே நகர்வதுபோல் மூட்டைப்பூச்சி. கிழங்குச் சட்டியைத் திறந்தால் அதிலும் மிதக்கும்.

பூச்சியை ஒழிக்கக் கந்தகப் புகை போடச் சொல்லி உத்தரவு வந்தது. ரப்பர் மரத்து இலைநோய்க்காக வெள்ளைக்காரத் துரை வாங்கிப் போட்ட மூட்டைகள் ஸ்டோரில் கிடந்தன. வீட்டின் சந்துபொந்தைச் சாக்கால் அடைத்து, கரிச்சட்டியில் கந்தகத்தைக் கொட்டிவிட்டு, மறுநாள் திறப்பார்கள். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பரஞ்சோதி தலையை உள்ளே நீட்டி மோந்து பார்ப்பார். நாற்றம் இல்லை என்று அவர் சொல்லிவிட்டால் குடிபோக வேண்டியதுதான். வேறு அளவு கிடையாது. அந்தப் புகையிலேயே ஊறி, அழுகிய கருவாட்டைக்கூட அறியாத மூக்கு அது.

குணவதி பாடாங் செராய் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து புதிதாக மாற்றிவிடப்பட்டவள். புருஷன் சயாமில். அவளுக்கென்று இருந்தது சின்னப் பிள்ளை ரமணி மட்டும். அந்தப் பிள்ளைக்கு மூச்சிழுப்பு. புகை பட்டால் உதடு நீலம் பாரித்துவிடும். அவர்களுக்கு ஒதுக்கியது லயத்தின் கடைசி வீடு.

"ஐயா, புள்ளைக்கு நெஞ்சு தாங்காதுங்க. நாளைக்குப் போறேன்."

"எம் மூக்குக்குத் தெரியாத நாத்தமா? இன்னிக்கே போ. இல்லாட்டி அரிசி கெடையாது."

உச்சிப்பொழுது. பிள்ளையை வேப்பமரத்தடியில் உட்கார வைத்துவிட்டு, விளக்குமாற்றோடு குணவதி உள்ளே போனாள். ஒரு வாரமாகக் கந்தகச் சட்டி சுமந்தவள். அவளுக்கும் எந்த நாற்றமும் தெரியவில்லை. வாயில் மட்டும் செம்புக்காசைச் சப்பியதுபோல் ஒரு புளிப்பு.

தரையெல்லாம் செத்த பூச்சி. நடுவில் உப்பிப்போன எலி ஒன்று.

க்ஹும்...

இருமல். பிள்ளையோ என்று திரும்பினாள். பிள்ளை மரத்தடியில்தான் இருந்தது.

க்ஹும்... க்ஹும்...

மூலையில் ஒருத்தி.

சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். செத்த பூச்சிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். மடி நிறைந்து வழிந்தது. கொண்டையில் ஒரு செம்பருத்தி... ஆனால் வெள்ளை. அந்தத் தோட்டத்தில் வெள்ளைச் செம்பருத்தியே கிடையாது.

"யாருக்கா அது?"

அவள் திரும்பவில்லை.

"ஒம் பூவ இங்க வச்சிட்டு வெளிய போ. அது சொல்லும்."

புருஷன் நல்லபடி திரும்ப வேண்டும் என்று குணவதி தினமும் தலையில் வைக்கும் சிவப்புச் செம்பருத்தி. கை தானாக அதைப் பிடுங்கிப் போட்டது.

ஓடினாள்.

பொழுது சாயும்போது வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். மூலையில் யாருமில்லை. தரையில் அவள் பூ கிடந்தது.

வெள்ளையாக.

அரிசி போனால் போகட்டும் என்று அன்று பிள்ளையோடு கோயில் கொட்டகையில் படுத்தாள். பிள்ளை பிழைத்தது.

வெளுத்த பூவைப் பார்த்ததும் அடுத்த வீட்டுக் காளியம்மா குணவதியை ஓரமாக இழுத்துப் போனாள். பிறகுதான் சொன்னாள். அந்த வீட்டில் அப்போது குடியிருந்த பாப்பம்மா, போன வருஷம் புகைச் சட்டியை எடுக்க உள்ளே போனபோது அவள் தலையிலிருந்த பூ, வெளியே வருவதற்குள் வெளுத்துவிட்டதாம். சயாமில் புருஷன் செத்துவிட்டான், மாரியாத்தா காட்டிவிட்டாள் என்று லயமே முடிவு கட்டியது. வளையலை உடைத்தார்கள். பொட்டை அழித்தார்கள். பூவை மட்டும் தொடப் பயந்து விட்டுவிட்டார்கள். தாலியறுத்தவள் மூலையில் உட்கார வேண்டும் அல்லவா? அதே வீட்டு மூலையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்கள். கிராணியும் மோந்து பார்த்து, நாற்றம் இல்லை என்றார். இரவெல்லாம் அவள் இருமியது அழுகையாகத்தான் இவர்கள் காதில் விழுந்தது.

காலையில் திறந்தபோது வாயில் நுரை காய்ந்திருந்தது. நுரையில் பூச்சி ஒட்டியிருந்தது. முறைப்படி செய்தோம் என்றுதான் அத்தனை பேரும் சொல்லிக்கொண்டார்கள். தூ!

அதன்பின் புகை போட்ட எந்த வீட்டிலும் குணவதி முதலில் ஒரு சிவப்புப் பூவைக் கட்டித் தொங்கவிடுவாள். புகை மிஞ்சியிருந்தால் பூ வெளுக்கும்; அது சிவப்பாகவே இருந்தால்தான் ஆள் நுழையலாம். பரஞ்சோதி குதித்துப் பார்த்தார். ஒருத்தியும் அசையவில்லை. கடைசி வீட்டில் மட்டும் எத்தனை முறை கட்டினாலும் பூ வெளுத்தது. புகை போடுவதை நிறுத்திய பிறகும் வெளுத்தது. அதைப் பூட்டியே போட்டார்கள்.

சண்டை முடிந்தது. ஒருநாள் பகலில், எலும்பும் தோலுமாய், காலில் சீழ் வடிய ஒருவன் லயத்துக்குள் வந்தான். பெயர் தர்மலிங்கம். சயாமிலிருந்து நடந்தே வந்தானாம். நேராகக் கடைசி வீட்டு வாசலில் போய் நின்றான்.

"எம் பொஞ்சாதி பாப்பம்மா எங்க?"



பூட்டிய கதவுக்குள்ளிருந்து... க்ஹும்.