உமி மூட்டையும் மூன்று பெட்டித் தோட்டாக்களும்

பிஸ்டல் ரேஞ்சில் புதிதாகச் சேர்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணே, எந்தத் தோட்டா நல்லது?" என்பதுதான். தஞ்சாவூருக்கு வெளியே, வயலும் வாய்க்காலும் தாண்டி இருக்கும் எங்கள் கிளப்பில் இத்தனை வருஷம் ரேஞ்ச் பொறுப்பாளனாக இருந்தும் நான் ஒரு பெயரைச் சொன்னதில்லை. ஏன் என்பது ஓர் ஐப்பசிக் காலையைச் சொன்னால் விளங்கும்.

கலையரசி திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் கால்நடை டாக்டர். எங்கள் கிளப்பின் நல்ல ஷூட்டர். சினை ஊசி போடப் போன இடத்தில் மாடு உதைத்து மணிக்கட்டு உடைந்துவிட்டது. கட்டுப் பிரித்து வந்தபோது மாநிலப் போட்டி நெருங்கியிருந்தது.

"இன்னிக்குச் சுட்டுப் பாக்குறேண்ணே. கை பழையபடி நிக்கலேன்னா பேரை வாபஸ் வாங்கிக்குறேன். மாட்டு மேல எனக்குக் கோவமில்ல" என்றார்.

போட்டிக்கு எந்தத் தோட்டா என்பதையும் அன்றே முடிவு செய்ய வேண்டும். மூன்று பெட்டி எடுத்து வைத்தேன். மூன்றும் பாயிண்ட் டூ டூ அளவு: பிராக்டீஸுக்கான மலிவுச் சரக்கு, நடுத்தரம், போட்டிக்கென்றே செய்த மேட்ச் கிரேடு. ஒவ்வொன்றுக்கும் தனி டார்கெட். குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்று பார்ப்பதுதான் ஒப்பீடு; அந்தக் கூட்டத்தைக் 'குரூப்' என்போம்.

மலிவுச் சரக்கு இட்லி அளவுக்குள் விழுந்தது. நடுத்தரம் இன்னும் கொஞ்சம் நெருக்கம். கடைசியாகச் சுட்ட மேட்ச் கிரேடோ டார்கெட் முழுக்கச் சிதறிக் கிடந்தது.

கிளப் செக்ரட்டரி ராஜேந்திரன் பூதலூரில் ரைஸ் மில் வைத்திருப்பவர். பைனாகுலரில் பார்த்துவிட்டு, "என்ன டாக்டரம்மா, வரிசை நடவு நட்டுக்கிட்டே வந்து கடைசியில தெளிச்சு விட்டுட்டீங்க!" என்றார்.

கலையரசி சிரிக்கவில்லை. "கை அசந்து போச்சு. அவ்வளவுதாண்ணே. பேரை எடுத்துடுங்க."

எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் மேட்ச் கிரேடைக் கடைசியில் சுட வைத்தவன் நான். கோளாறு கையிலா, தோட்டாவிலா? இந்த வரிசையில் எப்படிப் பிரிப்பது?

"ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. இப்ப மேட்ச் கிரேடுலேருந்து ஆரம்பிப்போம், ஆடாம இருக்கக் கையை மூட்டை மேல வச்சு" என்றேன். மற்ற ரேஞ்சுகளில் மணல் மூட்டை. எங்களுக்கு ராஜேந்திரன் மில்லின் உமி மூட்டைதான்.

டீ குடித்து வந்து துப்பாக்கியின் மேகசினில் தோட்டா போட்டுக்கொண்டிருந்த கலையரசி பாதியில் நிறுத்தி விரல்களை உரசிப் பார்த்தார். "அண்ணே, இதுல பிசுக்கே ஒட்டலையே?"

இந்தத் தோட்டாவின் ஈயத்தில் மெழுகு பூசியிருக்கும். குழலுக்குள் வழுக்கிப் போக அது வேண்டும். தொட்டால் விரலில் ஒட்டும். பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். அடி அட்டையெல்லாம் எண்ணெய்க் கறை.

"மொதலாளி, இந்தப் பெட்டிய யாராவது வெளியில எடுத்தாங்களா?"

"யாராவது என்ன, நாந்தான்!" ராஜேந்திரன் பெருமையாகச் சொன்னார். "விடாத மழையில ரூமெல்லாம் ஈர வாடை. நெல்லுன்னா விட்டுடுவோமா? வெயில் வந்த அன்னிக்கு மாடியில தார்ப்பாய் விரிச்சுக் காயப் போட்டேன். ஒசத்திச் சரக்காச்சேன்னு அதை மட்டும். நடுவுல கிளறி வேற விட்டு, சூட்டோட பெட்டியில அள்ளி வச்சேன். குடையப் பிடிச்சுக்கிட்டு பக்கத்துலயே காவல். ஒரு காக்கா அண்டல!"

கலையரசி அவரையே பார்த்தார். "காக்கா தோட்டாவத் திங்குமா சார்?" கேட்டுவிட்டு அவரே வாய்விட்டுச் சிரித்தார்.

மெழுகெல்லாம் வெயிலில் உருகிப் போயிருந்தது. ஒன்றாகத் தயாராகி வந்த அதே லாட்டில் இரும்பு அலமாரியில் பிரிக்காமல் இருந்த பெட்டியை எடுத்தேன். மூட்டை மேல் கை வைத்துச் சுட்டார். குரூப்பை ஐந்து ரூபாய் நாணயத்தால் மூடிவிடலாம். பிறகு மூட்டையைத் தள்ளிவிட்டு ஒற்றைக் கையில், நின்றபடி சுட்டார். கொஞ்சம் விரிந்தது. ஆனாலும் அன்றைக்கு நின்று சுட்டதில் அதுதான் நெருக்கம். மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"பேரு இருக்கட்டும்ணே."

தம்பிகளே, தங்கச்சிகளே, பெட்டி மேல் அச்சடித்திருப்பது கம்பெனியை விட்டுக் கிளம்பிய நாளின் தோட்டா. நடுவில் அது எங்கே கிடந்தது என்று பெட்டி சொல்லாது. அதனால் ஒப்பிடும்போது வரிசையை மாற்றி இன்னொரு தடவை சுடுங்கள். சுட்டவர் கையைக் குறை சொல்லும் முன் தோட்டாவை ஒரு தடவை தொட்டுப் பாருங்கள்.

காய்ந்த பெட்டியை யாரும் எடுக்காதபடி தனியே பூட்டினோம். போட்டிக்குக் கலையரசி கிளம்பிய அன்று சுள்ளென்று வெயில். தோட்டாப் பெட்டியை ராஜேந்திரனே கார் வரைக்கும் சுமந்து வந்தார். அவர் தலை வெயிலில், குடை பெட்டிக்கு.