ஓட்டின் மேல் பால்பற்கள்

கிரீஸில் எங்கள் வோலோஸ் ஊர் ஆஸ்பத்திரியில் குழந்தைப் புற்றுநோய் வார்டு நர்ஸ் ஸ்டமாத்தியா, இருபது வருடம் ஊசி போட்டும் கை நடுங்காதவள். இந்த நோய் ஏன் வருகிறதென்று ஒன்பது நாடுகள் கூடி ஆராய்கின்றனவாம். நோயாளிக் குழந்தைகளின் விழுந்த பால்பற்களைக் கேட்டார்கள். பல்லை எலிக்கென்று ஓட்டின் மேல் வீசுகிற ஊரில் இதைக் கேட்க எந்த மேதாவிக்குத் தோன்றியதோ!

ஆறு வயது ஃபோத்திஸின் அப்பா லெஃப்தேரிஸ் கூரையேறித் தேடி, கை நிறையப் பற்களோடு வந்தான்.

“இதுல எது பையனோடது?”

“தெரியலையே சிஸ்டர். சின்ன வயசுல நானும் அதே ஓட்டுலதான் வீசினேன்.”

“பரவாயில்ல. அடுத்த பல்லு விழுந்ததும் கொண்டாங்க.”

“அது விழுற வரைக்கும் அவன் இருப்பானா, சிஸ்டர்?”

ஸ்டமாத்தியா பல்லுக்கென்று திறந்து வைத்திருந்த காலிக் குப்பியை மூடப் பார்த்தாள். மூடி உட்காரவே இல்லை.